சுடாத கை

ரொட்டிக்கடை மாஸ்டருக்கு ‘இரும்புக்கை’ என்று பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். நாக்கில் சனி என்பார்களே, எனக்கு அது நிரந்தரமாகவே குடியிருக்கிறது, வாடகைகூடத் தராமல். யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வாயில் வந்துவிடும். வந்தால் அடக்கத் தெரியாது. இந்தக் கதையில் நான் செய்த தப்பு அதோடு முடியவில்லை, அதையும் சொல்கிறேன்.

என் தையல் மிஷின் கீழ்வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. எதிரே ரொட்டிக்கடையின் பின்வாசல். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். நான் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற நேரத்துக்கு முதல் அடுக்கு பன் வெளியே வரும். மாஸ்டரும் அவர் பெண்டாட்டியும் பெண்ணும் என் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். குடிவந்து ஏழு வருஷம். என்னை ‘அக்கா’ என்பார்கள். அவர்கள் சண்டை போட்டால் எனக்குக் கேட்கும், நான் இருமினால் அவர்களுக்குக் கேட்கும். அப்படி ஒரு வீடு.

அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிறவர்கள் எல்லாரும் கோணித்துணியை நாலாக மடித்துப் பிடித்துத்தான் எடுப்பார்கள். ஒருநாள் நான் பன் வாங்கப் போய் நின்றபோது மாஸ்டர் கையிலிருந்து கோணி நழுவி விழுந்தது. மனுஷன் தட்டை விடவில்லை. வெறுங்கையால் பிடித்தபடியே நாலு அடி நடந்து, மேஜைமேல் வைத்துவிட்டு, “என்னக்கா, எத்தனை பன்?” என்றார்.

“அடேயப்பா, இது கையா, இரும்பா?” என்றேன் நான்.

அவ்வளவுதான். மாவு பிசைகிற மொட்டை அதைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயசாகியும் அவனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லை. அன்றிலிருந்து கடையில் பந்தயம். மொட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணுவான், மாஸ்டர் சூட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும். பத்துவரை எண்ணியும் அவர் தோற்றதில்லை. கோணித்துணியைத் தொடுவதையே விட்டுவிட்டார். நானும் ஜன்னலிலிருந்து கைதட்டியிருக்கிறேன்.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் பெண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான். தெருவுக்கே அவள்தான் தோல் டாக்டர். அவள் படியிறங்கி வரும்போது நாலுபேர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். காய்கறிக்காரர் ராத்திரியெல்லாம் சொறிகிறார் என்று கேட்டதும், “இது சிரங்குப் பூச்சி, நீங்க மட்டும் மருந்து போட்டா போகாது, வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல போடணும்” என்று சொல்லிவிட்டாள். என் கழுத்து மச்சத்தை ஆறு மாசத்துக்கு ஒருதரம் நிறுத்திப் பார்ப்பாள். ஊரார் தோலெல்லாம் அவள் கண்ணில் பட்டது. கட்டின புருஷன் தோல் படவில்லை. அவர் இருட்டோடு எழுந்து போவார், அவள் ஏழு மணிக்குக் கிளம்புவாள். இவள் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் ரெண்டு ஷிப்ட். அப்புறம் எங்கே பார்ப்பது?

அன்று அவளுக்கு வார ஓய்வு. காலை ஒன்பது மணி இருக்கும். படிக்குக் கீழே இருக்கிற குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முதல் அடுக்கு வேலையை முடித்துவிட்டு வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். எனக்கென்று ரெண்டு பன் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் மூன்றுபேருக்கும் டீ கொண்டுவந்தேன். கொதிக்கிற டீ. மாஸ்டர் டம்ளரை முழுக் கையாலும் பற்றிக்கொண்டார்.

“அப்பா, கையில என்ன?” என்றது பெண். அப்போது அதற்கு எட்டு வயசு.

சுண்டுவிரலிலும் அதற்கடுத்த விரலிலும் கொப்புளம். கொட்டைப்பாக்கு அளவுக்கு, நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது.

“அட, இது எப்போ ஆச்சு?” என்றார் மாஸ்டர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நர்ஸின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. முதலில் அவள் விரலைப் பார்க்கவில்லை, அவர் முழங்கையைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து வந்தவர், உடம்பெல்லாம் வியர்வை. கையில் ஒட்டியிருந்த மாவெல்லாம் வியர்வையில் ஊறிப் பசையாகிக் கிடந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வியர்க்காமல் காய்ந்து கிடந்தது. அங்கே மாவு, மாவாகவே இருந்தது. அவள் குனிந்து ஊதினாள். தூள் பறந்தது. அடியில் தோல் வெளிறி, கொஞ்சம் செம்பு நிறமாக, ஒரு மயிர்கூட இல்லாமல் இருந்தது.

“பாப்பா, நீ மேல போயி வீட்டுப்பாடம் எழுது” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, மெத்தைக்கு வைக்கிற பஞ்சு கொஞ்சம் இருக்குமா?”

டம்ளர்களோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தோம். அவள் பஞ்சை நூலாகத் திரித்து நுனியை மட்டும் கலைத்துவிட்டாள்.

“கண்ண மூடுங்க. நான் தொடுறப்பல்லாம் ‘ம்’னு சொல்லுங்க.”

“என்ன விளையாட்டு இது? தூக்கம் வருது எனக்கு.”

“மூடுங்கன்னு சொல்றேன்ல.”

கன்னத்தில் தொட்டாள். “ம்.” இன்னொரு கையில் தொட்டாள். “ம்.” பிறகு அந்த வெளிறின இடத்தில் தொட்டாள். அவர் சும்மா இருந்தார். சுண்டுவிரலில் தொட்டாள். சும்மா இருந்தார். கொஞ்சநேரம் சத்தமே இல்லாததில் மனுஷனுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். நெற்றி சுருங்கியது.

“இப்போ?” என்றாள் அவள். பஞ்சு அவள் மடியில் இருந்தது. அவரைத் தொடவே இல்லை.

“ம். படுது.”

“இப்போ?”

“ம். நல்லாவே படுது. போதுமா?”

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினாள். பிறகு என் கையை இழுத்து அதே இடத்தில் என் நரம்பை உருட்டிப் பார்த்தாள். என்னுடையது இருக்குமிடமே தெரியவில்லை. அவருடையது தோலுக்கடியில் கயிறு மாதிரி நின்றது.

“கண்ணத் திறங்க. நான் தொடவே இல்லீங்க. நீங்க படுதுன்னீங்க.”

“சரி, தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பேன். அதுக்கென்ன இப்போ?”

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பெயரைத்தான் சொன்னாள், தொழுநோய் என்று. ஆனால் அந்த அறையில் மூன்றுபேர் காதிலும் விழுந்தது தெருவில் திட்டுவதற்குச் சொல்கிற அந்த இன்னொரு வார்த்தைதான்.

மாஸ்டர் சிரித்தார். “உனக்கு வேலை முத்திப்போச்சுடி. பாக்குறதெல்லாம் வியாதியாத் தெரியுது.”

“பத்து மாசத்துக்கு முன்னால இந்த இடத்தப் பாத்துட்டு, மாவுல தேமல் வந்திருக்குன்னு ஆயின்மென்ட் குடுத்தவ நான்தான். ஒரு பஞ்ச எடுத்துத் தொட்டுப் பாத்திருந்தா போதும். தினமும் நாப்பது பேருக்குத் தொட்டுப் பாக்குறேன். வீட்டுக்கு வந்தா கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு.” அழவில்லை. வேகமாகப் பேசினாள். “நாளைக்குக் காலைல வாங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டிடலாம். மாத்திரை இருக்கு. முழுசாக் குணமாகும். ஆனா இந்த நரம்பு இருக்கு பாருங்க, அது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. இப்பவே மருந்து போனா கை திரும்ப வாய்ப்பு இருக்கு. விட்டா விரல் மடங்கிடும். மடங்கினா மடங்கினதுதான்.”

“உன் ஆஸ்பத்திரிக்கா? நீ சிரிச்சுப் பேசுற அத்தனை பேரு முன்னாடியும் நான் சீட்டு வாங்கிக்கிட்டு நிக்கணுமா?”

“நிக்கிறவங்கள்லாம் மனுஷங்கதான்.”

“மனுஷங்கதான், யாரு இல்லேன்னா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னை அடுப்புக்கிட்ட விடுவாரா? நான் தொட்ட ரொட்டிய இந்தத் தெரு தின்னுமா? சொல்லு! எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான். பாப்பாவப் பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார வைப்பாங்களா?” என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்கக்கா.”

நான் என் டம்ளரை எடுத்தேன். டீ ஆறிப்போயிருந்தது. மேஜைமேல் அவர் கொண்டுவந்த பன் ரெண்டும் காகிதத்தில் அப்படியே இருந்தன. வழக்கமாக வந்த சூட்டோடு பிட்டு வாயில் போட்டுக்கொள்பவள் நான்.

நர்ஸ் எழுந்து டம்ளர்களை எடுத்தாள். பழக்கதோஷம், எங்கே போனாலும் கை சும்மா இராது. என் டம்ளரையும் தன் டம்ளரையும் கழுவித் தட்டில் கவிழ்த்தாள். அவர் டம்ளரைக் கழுவித் தனியாக ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. கை அதுவாகச் செய்தது. ஆனால் வைத்துவிட்டது.

அவர் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் அந்த டம்ளரையே பார்த்தார்.

“பன்னெண்டு வருஷம்” என்றார் மெதுவாக. “பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் என்ன சொல்ற நீ? தொட்டா ஒட்டாது, ஒண்ணா சாப்பிடலாம், மாத்திரை போட்டா யாருக்கும் பரவாது. ஊருக்குத்தான் உபதேசமா? பொண்டாட்டி நர்ஸு, அவளே என் டம்ளரத் தள்ளி வைக்கிறா. மொதலாளி என்னைத் தள்ளி வைக்க மாட்டாரா?”

அவள் முகத்தில் அறை விழுந்ததுபோல் ஆயிற்று. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த டம்ளரைத் தனியாக வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. என் வீட்டு டம்ளர் அது.

மாஸ்டர் எழுந்தார். “ரெண்டு மணிக்கு அடுத்த அடுக்கு இருக்கு. இந்த வெயில் காலம் போகட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.” கொப்புளத்தின்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு படியேறிப் போனார்.

அவள் என் தையல் துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மிஷின்மேல் இருந்த துண்டுத்துணிகளை மடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, பழைய ஜீன்ஸ் துணி இருந்தா ரெண்டு கையுறை தைச்சுத் தாங்க. உள்ள பஞ்சு வச்சு, தடியா. விரல் தனித்தனியா வேண்டாம். கட்டைவிரல் மட்டும் பிரிஞ்சா போதும்.”

“போட்டுப்பாரா தம்பி?”

“போட மாட்டாரு. தைங்க.”

தைத்தேன். மூன்று மடிப்பு ஜீன்ஸ், நடுவில் பஞ்சு. ஊசி ரெண்டுதரம் உடைந்தது. மூன்றாவது ஊசி மாற்றும்போது என் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. அம்மா என்று கத்தினேன். விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. இந்தக் கத்தல்தான் அந்த மனுஷனிடம் இல்லை. அதற்குத்தான் நான் பெயர் வைத்துக் கைதட்டினேன்.

ரெண்டு மணிக்கு நாங்கள் ரெண்டுபேரும் ரொட்டிக்கடைப் பின்வாசலில் நின்றோம். வெளியே வெயில், உள்ளே அடுப்பு. எது அதிகம் என்று சொல்ல முடியாது. முதலாளி மாவு மூட்டைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மொட்டைக்கு எங்களைக் கண்டதும் உற்சாகம்.

“வாங்க நர்ஸம்மா, வாங்க டெய்லரக்கா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. இரும்புக்கை இன்னிக்குப் பதினஞ்சு எண்ணுறவரைக்கும் புடிக்கிறேன்னிருக்காரு!”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நர்ஸ் கையுறையை நீட்டினாள்.

“இதப் போட்டுக்குங்க.”

“எதுக்கு? வீட்டுக்குப் போ.”

“போட்டுக்கிட்டு எடுங்க. அது போதும், நான் போயிடுறேன்.”

“பொண்டாட்டி கையுறை தைச்சுக் கொண்டாந்திருக்கா டோய்!” என்று மொட்டை கூவினான். நாலுபேர் சிரித்தார்கள். மாஸ்டர் காதுவரை சிவந்துவிட்டார். அடுப்புக் கதவைத் திறந்து வெறுங்கையால் தட்டை இழுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். விரலில் சுற்றின துணி கருகுகிற வாசனை எனக்கு வந்தது.

“ஒண்ணு! ரெண்டு! மூணு!”

அவள் ஒரு அடி முன்னால் போனாள். “வைங்க கீழ.”

“நாலு! அஞ்சு!”

“சொல்றேன்ல, வைங்க.”

அவர் அவளைப் பார்த்தபடியே சிரித்தார். பிடிவாதச் சிரிப்பு.

“ஆறு!”

அவள் கையை நீட்டி, அவர் கைக்குப் பக்கத்தில், அதே தட்டின் விளிம்பைப் பிடித்தாள். வெறுங்கையால். இறுக்கி.

அவள் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கை தானாக உதறிக்கொண்டு வந்துவிட்டது. உடம்பே வளைந்து போயிற்று. மாஸ்டர் தட்டைப் போட்டார். பன்னெல்லாம் தரையில் உருண்டு ஓடின. மொட்டையின் வாயில் ஏழு வரவில்லை.

“பைத்தியமாடி உனக்கு! என்னடி பண்ணிட்ட!”

“எனக்குச் சுடுதுங்க” என்றாள். பல் கிட்டிப்போய், கண்ணெல்லாம் நீர். “அதே தட்டு. எனக்குச் சுடுது, உங்களுக்குச் சுடல. அவ்வளவுதான். அத மட்டும் பாருங்க.”

அவர் அவளை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் விரல் நாலும் சிவந்து வெளுத்து வந்தன. தண்ணீர் ரெண்டுபேர் கைமேலும் விழுந்தது. நான் பின்னால் நின்றேன்.

“தண்ணி சில்லுன்னு இருக்கா?” என்று கேட்டார். “வெயில்ல தொட்டித் தண்ணி கொதிச்சுக் கிடக்குமே, சில்லுன்னு இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

அவர் தன் கையைத் தண்ணீரில் திருப்பித் திருப்பிக் காட்டினார். இப்படி, அப்படி. பிறகு அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலடி” என்றார். “ரொம்ப நாளாத் தெரியல. பயந்துக்கிட்டுதான் சிரிச்சேன்.”

மறுநாள் அவள் யூனிபார்ம் போடவில்லை. அவரோடு வரிசையில் நின்று சீட்டு வாங்கினாள். கூப்பிடாமலே நானும் போனேன். கூட வேலை செய்கிறவர்கள் கட்டுப்போட்ட அவள் கையையும், பக்கத்தில் நின்ற அவரையும் பார்த்துவிட்டு, தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஊசி போடுகிற ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா கெடுபிடிக்காரி. காது மடலில் லேசாகக் கீறி நீர் எடுத்தார், நைலான் இழையால் விரல்விரலாகத் தொட்டுப் பார்த்தார். “கை மரத்து எத்தனை மாசமாச்சு? அதைச் சரியாச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் மருந்து” என்று கேட்டார். மாஸ்டர் விழித்தார். சுடாத கைக்குத் தேதி எப்படித் தெரியும்?

“அக்கா, நீங்க அந்தப் பேரு வச்சது எப்போ?” என்றாள் நர்ஸ்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு கலியாண ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வரும் வழியில்தான் பன் வாங்கப் போயிருந்தேன். அளவு நோட்டில் நாள் இருக்கிறது. “நாலு மாசம் முடிஞ்சு பதினோரு நாள்” என்றேன்.

“ஆறு மாசத்துக்குள்ள. நல்லது, நரம்பு மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “வியாதி போயிடும், அதுக்கு நான் பொறுப்பு. மாத்திரை ஒரு வருஷம். நரம்பு வீக்கத்துக்குத் தனி மருந்து. கை திரும்புமான்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன். திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். சுட்டா இழுத்துக்கோன்னு சொல்ற வேலைய இனிமே உங்க தோல் செய்யாது, கண்ணுதான் செய்யணும். கையுறை இல்லாம அடுப்புக்கிட்டப் போனீங்கன்னு தெரிஞ்சது, நானே வந்து அடிப்பேன்.”

என் வாய் வைத்த பெயரால் நடந்த ஒரே நல்லது அது.

வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். அவளுக்கும் பெண்ணுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போனதும் மாஸ்டர் குளியலறையிலிருந்தே, “நான் போறேன்டி, பாப்பாவப் பாத்துக்கோ!” என்று அலறினார். மருந்துச் சாயம் என்று அவள் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் நான் ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு. ரொட்டிக்கடையில் அப்படியொன்றும் எல்லாரும் தங்கமாகிவிடவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை முதலாளி மூன்றுதரம் படித்தார். படித்தும் ரெண்டு மாசம் அவரை மாவு தொட விடவில்லை, அடுப்பு மட்டும் பார்க்கச் சொன்னார். ஒரு ஆள் வேலையை விட்டுப் போனான். மொட்டைதான் ஆச்சரியம். தினமும் அவன்தான் கையுறையை எடுத்து அவர் கையில் மாட்டிவிட்டான். பந்தயத்தைப் பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

அந்த ஜன்னல் விளிம்பு டம்ளரில்தான் நான் இப்போது டீ குடிக்கிறேன். அன்றைய ரெண்டு பன்னையும் நான் தின்னவில்லை. மறுநாள் காய்ந்ததும் யாரும் பார்க்காதபோது வீசிவிட்டேன். இதை அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒருதரம், அவளுடைய ஓய்வு நாளில், என் அறையில்தான் சோதனை. அதே பஞ்சு. கண்ணை மூடச் சொல்லித் தொடுவாள். முதல் மாசம் முழுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. ரெண்டாம் மாசமும் இல்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. தெரியாததை இப்போது தெரியவில்லை என்றே சொன்னார். சொல்லும்போதெல்லாம் அவர் முகம் வாடும், அவள் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த விரலுக்குப் போவாள். மூன்றாம் மாசம் விரல் பயிற்சிக்காரர் ஒரு சின்னப் பந்து கொடுத்தார், அதை அழுத்திக்கொண்டே இருப்பார். நாலாம் மாசமும் ஒன்றுமில்லை. ஐந்தாம் மாசம் நான் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்கத் தைரியமில்லை.

“இப்போ?” என்றாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். பஞ்சு அவள் மடியில் இருந்தது.

“இல்ல.”

“இப்போ?” வெளிறின இடத்தில் வைத்தாள்.

“தெரியல.”

“இப்போ?” மறுபடியும் மடியில்.

“இல்ல. சும்மா ஏமாத்தாத.”

பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே சுண்டுவிரல் நுனியில் பஞ்சை வைத்தாள். தட்டைப் பிடித்த தழும்பு அவள் விரல்களில் இன்னும் இருந்தது.

மூடின கண்ணோடு அவர் தலையைச் சாய்த்தார். தூரத்தில் யாரோ கூப்பிடுகிறதைக் கேட்கிறவர்போல.

“ஏய்,” என்றார். “நீ இப்போ தொடுறியா?”